காட்டு முயலுக்குப் போன பெருமை

நான் ஒருவரை ஏமாற்றினேன். என் பேச்சை நம்பி அவர் இதயத்துக்காகப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையை நிறுத்தினார். அதே வகை மாத்திரையை நான் தினமும் ஊருக்குத் தெரியாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன். எப்படிச் சுற்றி வளைத்து எழுதினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாண்டிச்சேரி என்ற பெயரைப் புதுச்சேரி என்று மாற்றப்போகிறார்கள் என்று ஊரில் பேச்சு அடிபட்ட வருடங்கள் அவை. நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகியிருந்தது. பிரெஞ்சுக்காலத்துப் பத்திரங்களையும் பிறப்புச் சான்றுகளையும் தமிழாக்கி, ஒரு சொல்லையும் கூட்டாமல் ஒரு சொல்லையும் விடாமல் பெயர்த்திருக்கிறேன் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போடுவதுதான் என் தொழில். அப்படிப்பட்டவன் ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டேன். அந்த ஒரு வாக்கியம்தான் இத்தனைக்கும் காரணம்.

ஒரு கோடையில் ரத்தப் பரிசோதனை செய்தபோது எனக்குக் கொலஸ்ட்ரால் முந்நூறைத் தொட்டுக்கொண்டு நின்றது. டாக்டர் மாத்திரை எழுதினார். எனக்கு மாத்திரை என்றாலே இளப்பம். காலையில் கடற்கரைச் சாலையில் நடக்க வரும் எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் மாத்திரைக்காரர்கள். டூப்ளே சிலைப் பக்கத்திலிருந்து வடக்கு முனை வரை போய்த் திரும்பி, கடலைப் பார்த்த கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, ஆளுக்கொரு டம்ளர் அருகம்புல் சாறோ வாழைத்தண்டுச் சாறோ குடித்துக்கொண்டு, பரீட்சை மார்க்கைப் போல அவரவர் ரத்தத்தின் எண்களைச் சொல்லிக்கொள்வார்கள். மாத்திரை போட்டுக் குறைத்தவனுக்குப் பாஸ் மார்க். மாத்திரை இல்லாமல் குறைத்தவனுக்குத்தான் முதல் வகுப்பு. நான் அந்தக் கூட்டத்தில் எல்லோர் எதிரிலும், மாத்திரை தொடாமல் குறைத்துக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அதற்கு எனக்குத் துணை கிடைத்தது ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை. பிரான்சில் இருக்கும் உறவினர் ஒருவர் படித்து முடித்ததை அனுப்புவார். அதில் வேட்டைக் கறியைப் பற்றி ஒரு கட்டுரை. ஓடித் திரிந்து மேய்ந்த உயிரின் கறியில் கொழுப்பு மிகக் குறைவு, கட்டிப்போட்டுத் தீனி போட்டு வளர்த்ததைப் போல அல்ல என்று எழுதியிருந்தது. அது தவறான செய்தி அல்ல. ஆனால் அந்தக் கறியைத் தின்றால் ரத்தத்தில் உள்ள கொழுப்பு இறங்கிவிடும் என்று அதில் எங்கும் இல்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன். பிரெஞ்சில் அச்சானது என்பதாலேயே எனக்கு அது டாக்டர் சீட்டைவிட உயர்ந்ததாகத் தெரிந்தது. என் வயதில் இந்த ஊரில் படித்தவர்களுக்கு அந்த நோய் உண்டு. அதற்கு மாத்திரை இல்லை.

வில்லியனூருக்கு அப்பால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் விவசாயி ஒருவர், கொல்லையை நாசம் பண்ணும் முயல்களுக்கு வலை கட்டுவார். சில வாரம் கௌதாரியும் மாட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மொபெட்டில் வந்து பால் கேனுக்குள் இருந்து எடுத்துக் கொடுப்பார். காட்டு முயலைப் பிடிப்பதும் தின்பதும் சட்டப்படி குற்றம் என்று எனக்குத் தெரியும். சட்டத்துக்கு நடுவிலேயே வாழ்ந்தவன் நான். மருந்துக்குத்தானே என்று சொல்லிக்கொண்டேன்.

என் மனைவி சின்ன வெங்காயமும் மிளகும் போட்டுக் குழம்பு வைப்பாள். தேங்காய் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

"கொழுப்பே இல்லாத கறின்னு சொல்றீங்க. கொழுப்பு இல்லன்னா அது கயிறு மாதிரி கெடக்குது. வேகறதுக்கு நான் எண்ணெய ஊத்தறேன். அப்ப என்னாத்துக்கு இந்தக் கூத்து?" என்றாள்.

"கொஞ்சமா ஊத்து."

"கொஞ்சமா ஊத்தனா உங்க பல்லு தாங்காது."

மற்றதையும் ஒழுங்காகச் செய்தேன். ஆட்டுக்கறி, முட்டை மஞ்சள், நெய், பொரித்தது எல்லாம் நின்றன. காலையில் கேழ்வரகுக் கூழ், ராத்திரி கொள்ளு ரசம். நடையைக் கூட்டினேன். மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுத்தேன். எண் இறங்கவில்லை. கொஞ்சம் ஏறியே இருந்தது.

கூட்டத்தில் கேட்டார்கள். லேப்பில் ஏதோ தாமதம், இன்னும் தரவில்லை என்றேன். அது முதல் பொய். அன்று சாயங்காலமே தனியாக டாக்டரிடம் போனேன். அவர் என் பையன் வயதுக்காரர்.

"நடக்கறத விடாதீங்க சார். சாப்பாட்டுக் கட்டுப்பாடும் நல்லதுதான். ஆனா உங்க விஷயத்துல பெரும்பங்கு உங்க ஈரலே தயார் பண்ணுது. நீங்க வாயைக் கட்டினா அது கையைக் கட்டிட்டு உக்காராது. முயல விடுங்க, பாவம். இந்த மாத்திரையப் போடுங்க" என்றார்.

போட்டேன். அட்டையை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டேன். மனைவிக்கு மட்டும் தெரியும். அவளிடம் எதையும் ஒளிக்க முடியாது. முயல்கறியும் நிற்கவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்களே.

அடுத்த பரிசோதனையில் எண் சரசரவென்று இறங்கியிருந்தது. காகிதத்தை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். கை மாறி மாறிப் போயிற்று அது. ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர் ஒருவர், "மிசே, அடுத்தது புலிக்கறி தின்னுங்க. சர்க்கரையும் எறங்குதான்னு பாத்துடுவோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிரெஞ்சு படித்த பெரியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள், மிசே என்று. நானும் சிரித்தேன். "நடந்தேன், வாயைக் கட்டினேன், முயல்கறி தின்றேன்" என்று சொன்னேன். மூன்றும் உண்மை. நான்காவதைச் சொல்லவில்லை.

அந்தக் காகிதத்தைக் கடைசியாக வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தவர் மில்லுக்காரர். பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் எல்லோரும் அவரை அப்படி அழைத்தோம். ஊரின் மேற்கே சாரம் என்ற பகுதியிலிருந்து சைக்கிளில் வருவார். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். சில வருடங்களுக்கு முன் நெஞ்சுவலி வந்து பிழைத்தவர். அப்போதிலிருந்து மாத்திரை. கூட்டத்தில் அதிகம் பேசாதவர், ஆனால் நான் பேசினால் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கிக் கேட்பார். எனக்கு அது பிடிக்கும். அது எவ்வளவு பிடித்தது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

"மொசலு ஜெயிச்சிடுச்சு மிசே" என்றார் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தபடி.

சில வாரம் போயிருக்கும். நடக்கும்போது என் பக்கத்தில் வந்தார். முகத்தில் ஒரு குறும்பு.

"மாத்திரைய நிறுத்திட்டேன் மிசே."

"எந்த மாத்திரைய?"

"அதான், கொழுப்பு மாத்திரை. அதப் போட்டாலே தொட நோவுது, படி ஏற முடியல. ஒருவாட்டி ஆரம்பிச்சா சாவற வரைக்கும் விட முடியாதுன்றாங்க. நீங்க மாத்திரை இல்லாம இருக்கலியா? உங்க மொசலு ஆளுகிட்டயே சொல்லி வெச்சிட்டேன், எனக்கும் வாரம் ஒண்ணு கொண்டாறேன்னாரு."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். கடல் பக்கத்திலேயே இரைந்துகொண்டிருந்தது, சுற்றிலும் யாரும் இல்லை, ஒரே ஒரு வாக்கியம். நான் கேட்டது இதுதான்:

"டாக்டரக் கேட்டீங்களா?"

"கேட்டா விடுவாங்களா?" என்று சிரித்தார். நானும் தலையாட்டினேன்.

அன்று வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார முடியவில்லை. கூடத்திலிருந்து கொல்லைப்புறம், கொல்லைப்புறத்திலிருந்து கூடம். செய்தித்தாளைப் பிரித்தால் ஒரு பத்தி தாண்டவில்லை. மனைவி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். சொன்னேன்.

அவள் கையில் இருந்த கீரையைத் தட்டில் வைத்தாள். "ஏங்க, அந்த ஆளுக்கு ஏற்கெனவே ஒருதரம் வந்து பொழச்சது."

"தெரியும்."

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

"எப்ப?"

"நாளைக்கு."

மறுநாள் கூட்டம் முழுக்க இருந்தது. தனியாகச் சொல்லலாம் என்று விட்டேன். அதற்கடுத்த நாள் அவர் வரவில்லை, ஏதோ கல்யாணம். பிறகு எனக்கு ஜலதோஷம். காரணங்கள் தாமாகவே வந்து வரிசையில் நின்றன. எனக்கு ஒரு புது வழக்கம் பிடித்துக்கொண்டது. காலையில் நடந்தது போதாது என்று சாயங்காலமும் கிளம்பினேன். பழைய கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, தெற்கு முனையைத் தாண்டி, வேர்த்துக் கால் பின்னும் வரை. உடம்புக்கு நல்லது என்று அக்கம்பக்கத்தார் பாராட்டினார்கள். வீட்டில் இருந்தால் மனைவி பார்ப்பாள். அவள் ஒன்றும் கேட்கமாட்டாள், பார்ப்பாள்.

ஒருநாள் சொல்லியே தீர்வது என்று போனேன். வடக்கு முனையில் அவரை நிறுத்தினேன். வைத்திக்குப்பத்துப் படகுகள் அப்போதுதான் கரையேறிக்கொண்டிருந்தன. பெண்கள் கூடையோடு தண்ணீர் வரை இறங்கி நின்றார்கள்.

"மில்லுக்காரரே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நானும் ஒண்ணு குடுக்கணும், இருங்க மிசே." சைக்கிளில் வருபவர் எப்போதும் தோளில் ஒரு துணிப்பை மாட்டியிருப்பார். அதிலிருந்து வாழை இலையில் கட்டிய பொட்டலம் ஒன்றை எடுத்தார். "நேத்து ரெண்டு கௌதாரி கெடச்சிது. என் பொண்ணு சுத்தம் பண்ணி வெச்சா. ஒண்ணு உங்களுக்கு. எனக்கு இந்த வழியக் காட்டனதே நீங்கதான. படி ஏறும்போது தொட நோவறதில்ல இப்ப. பத்து வயசு கொறஞ்சாப்பல இருக்குது."

பொட்டலம் என் கையில் ஜில்லென்று இருந்தது.

"என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"ஒருதரம் ரத்தம் குடுத்துப் பாத்துடுங்க" என்றேன்.

"எதுக்கு மிசே? அதான் உங்க ரத்தம் சொல்லிடுச்சே."

அந்தக் கௌதாரியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி அதைத் தொடமாட்டேன் என்றுவிட்டாள். நானே கொண்டுபோய்த் தெரு முனையில் நாய்க்குப் போட்டேன்.

மழைக்காலம் தொடங்கியதும் அவர் நடக்க வருவது நின்றது. தூறலுக்குப் பயந்து பலரும் வராத நாட்கள்தான், அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்துக்கொண்டேன். ஆனாலும் சாரத்துக்குப் போய்ப் பார்க்கவில்லை. ஒரு காலையில் பேங்க் மேனேஜர் சொன்னார்: "மில்லுக்காரருக்கு அட்டாக்காம். பெரியாஸ்பத்திரியில கெடக்கிறாரு."

நேராகப் போனேன். வார்டுக்கு வெளியே அவர் மகள் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளை ஒருமுறை கடற்கரையில் பார்த்திருக்கிறேன். எழுந்திருக்கவில்லை.

"உயிருக்கு ஒண்ணும் இல்லன்றாங்க. ஆனா இதயம் பாதிதான் வேல செய்யுதாம்" என்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்து, "அப்பா மாத்திரைய நிறுத்தனது எனக்கு இப்பதான் தெரியும். நீங்க நிறுத்தச் சொன்னீங்களா?" என்றாள்.

"நான் நிறுத்தச் சொல்லலம்மா."

சொன்ன உடனே எனக்கு என் குரல் கேட்டது. சாட்சிக்கூண்டில் நின்று கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு இறங்குபவர்களை ஆயுள் முழுக்கப் பார்த்தவன் நான். அதே பதில். படியிறங்கி வெளி வாசல் வரை வந்துவிட்டேன். ஆட்டோ கூப்பிட்டேன். ஆட்டோ வந்து நின்றது. ஏறாமல் திரும்பி மேலே போனேன். ஆட்டோக்காரர் பின்னாலிருந்து ஏதோ திட்டினார்.

"உள்ள வாம்மா. உங்கப்பா எதிர்ல சொல்லணும்" என்றேன்.

அவர் தலையணையில் சாய்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழ முயன்றார், மகள் அமர்த்தினாள்.

"மொசலு என்னை விட்டுடுச்சு மிசே" என்று சிரிக்கப் பார்த்தார். "நடுவுல ரெண்டு வாட்டி ஆட்டுக்கறி தின்னுட்டேன். அதான்."

"அதனால இல்ல. நான் மாத்திரை போட்டுட்டுதான் இருந்தேன். மொயல்கறியில எனக்கு ஒண்ணும் எறங்கல. மொத தடவ ஏறிச்சு. டாக்டர் குடுத்த மாத்திரையிலதான் எறங்குனது. கூட்டத்துல சொல்ல வெக்கப்பட்டு மறைச்சேன். நீங்க நிறுத்திட்டேன்னு சொன்னப்பவும் மறைச்சேன்."

அவர் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டார்.

"இப்பவும் போடறீங்களா?"

"போடறேன்."

"தினமும்?"

"தினமும்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமே மிசே. நான் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன்."

அவருடைய மகள் அழவில்லை, கத்தவுமில்லை. பிளாஸ்க்கின் மூடியைத் திருகி மூடினாள். "நீங்க போங்க. இனிமே வீட்டுக்கு வராதீங்க" என்றாள்.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றையெல்லாம் பிராயச்சித்தம் என்று சொல்லத் துணிவு இல்லை. முயல்காரரை வரவேண்டாம் என்றேன். அவர் கவலைப்படவில்லை. கேட்டு வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன, எல்லாம் உங்கள் கூட்டத்து ஆட்கள்தான் என்றார். அது என்னைக் கடற்கரைக்குத் துரத்தியது. சாறு குடித்துக்கொண்டிருந்தவர்கள் எதிரில் நின்று, மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து மாத்திரை அட்டையைக் காட்டினேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். என்னால்தான் மில்லுக்காரர் படுத்திருக்கிறார் என்றும் சொன்னேன்.

சிலர் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து போய்விட்டார். பேங்க் மேனேஜர், "அவரும் சின்னக் கொழந்த இல்ல, யோசிச்சிருக்கணும்" என்று எனக்காகப் பேசினார். அதைக் கேட்கத்தான் எனக்கு அதிகம் கூசியது. இன்னொருவர் கூட்டம் கலைந்த பிறகு என் தோளைத் தொட்டு, "அது கெடக்குது மிசே. மூட்டு வலிக்குக் கௌதாரி நல்லதுன்றாங்களே, அந்த ஆளோட செல் நம்பர் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்திருப்பார்.

ஆனால் முயல் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் மறுபடி டாக்டரிடம் போனார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்த அளவுக்கு அது பயன்பட்டது.

மில்லுக்காரர் வீட்டுக்குத் திரும்பிய பிறகு, மகள் சொன்னதை மீறாமல் நான் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. என் மனைவி போனாள். நான் அனுப்பியதாக இல்லை, அவளாகவே. எண்ணெய் குறைத்துச் சமைப்பது எப்படி, உப்பைக் குறைப்பது எப்படி என்று அவளும் அந்தப் பெண்ணும் பேசிக்கொண்டார்கள். என்னைப் பற்றிப் பேசினார்களா என்று நான் கேட்கவில்லை. பல மாதம் கழித்து ஒருநாள் வந்து, "அவர டாக்டர் மெதுவா நடக்கச் சொல்லியிருக்காராம். கூட நடக்க ஆள் இல்ல, அந்தப் பொண்ணுக்கு வேல. அவரே உங்களக் கேட்டாராம்" என்றாள்.

மறுநாள் காலை சாரத்துக்குப் போனேன். மகள் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போனாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். சட்டை அவர்மேல் தொங்கியது. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைதான், நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு. அவர் கையைப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து பெரும்பாலான நாட்கள் போகிறேன். மரியாதை குறையவில்லை. மிசே என்றுதான் கூப்பிடுகிறார், டீ கொடுக்கச் சொல்கிறார், அரசியல் பேசுகிறார், பேரப்பிள்ளைகளைக் கேட்கிறார். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார். தொடை வலித்ததை டாக்டரிடம் சொன்னதும், அவர் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தாராம். அவ்வளவு எளிதாகத் தீர்ந்திருக்கிறது அது.

போன வாரம் நடந்துகொண்டிருந்தபோது, "மழை வரும்போல இருக்கு, திரும்பிடலாமா?" என்றேன். அவர் நின்றார். சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, கழுத்தை மெல்ல உயர்த்தி, தானே வானத்தைப் பார்த்தார். கிழக்கே பார்த்தார், மேற்கே பார்த்தார். எதிர்வீட்டு வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், "மழ வருமாம்மா?" என்று கேட்டார்.

அவள் "வரும்போலத்தான் இருக்குது" என்றாள்.

"அப்ப திரும்பிடலாம் மிசே" என்றார்.